காலபோக மழையை முன்னறிதல்: வன்னிக்கான பருவகால எதிர்வுகூறலும் அதன் பயன்பாடும்

வன்னிப் பெருநிலப்பரப்பின் நெல்லும் தோட்டமும் குளங்களும் கிணறுகளும் ஆண்டின் ஒரு பகுதியையே நம்பி நிற்கின்றன. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களும் உலர் வலயத்துக்குள் அடங்குபவை. இடத்துக்கு இடம் வேறுபட்டாலும் ஆண்டு மழைவீழ்ச்சி பொதுவாக 1,200 முதல் 1,500 மில்லிமீற்றர் வரையிலேயே அமைகிறது, அதிலும் பாதிக்கு மேற்பட்ட பங்கு ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. ஆகவே இம்மூன்று மாதங்களின் மழை எப்போது தொடங்கும், எவ்வளவு பெய்யும், எப்படிப் பரவிப் பெய்யும் என்ற மூன்று கேள்விகளும் காலபோகச் செய்கையின் எல்லா முடிவுகளுக்கும் அடிப்படையாகின்றன. இவற்றுள் இரண்டாவது கேள்விக்கே பருவகால எதிர்வுகூறல் விடை சொல்கிறது. முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் விடை வேறு இடங்களில் தேடப்பட வேண்டும். இந்த வேறுபாட்டை உணராமல் எதிர்வுகூறலை முழுதாக நம்புவதும் ஒருமுறை பிழைத்தபின் முழுதாகக் கைவிடுவதும் வன்னியில் ஒருங்கே காணப்படும் இரு பழக்கங்கள். இரண்டுமே கமக்காரருக்கு இழப்பைத் தருபவை.

பருவங்களின் கணக்கு

இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை நான்கு மழைப் பருவங்களாகப் பிரிக்கிறது. மார்ச், ஏப்ரல் மாதங்கள் முதலாம் இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவப்பெயர்ச்சிக் காலம். ஒக்டோபரும் நவம்பரும் இரண்டாம் இடைப்பருவப்பெயர்ச்சிக் காலம். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சிக் காலம். இடைப்பருவப்பெயர்ச்சி என்பது ஒரு பருவக்காற்று ஓய்ந்து மற்றது நிலைகொள்ளாத, காற்று வலுக்குறைந்து திசைமாறிக்கொண்டிருக்கும் காலத்தைக் குறிக்கிறது. வன்னியில் பலமாதங்கள் வீசிய சோழகம் தளர்ந்து, காற்று அடங்கி, பின்னர் வாடை எழுவதற்கு இடைப்பட்ட கிழமைகள் இவையே.

இந்தியாவின் கணக்கு இதிலிருந்து வேறுபடுவதை இங்கே குறிப்பிட்டாக வேண்டும். இந்திய வானிலை ஆய்வு மையம் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான முழுக் காலத்தையும் வடகிழக்குப் பருவமழைக் காலமாகக் கொள்கிறது. தமிழ்நாட்டில் அது தொடங்குவது வழக்கமாக ஒக்டோபரின் மூன்றாம் கிழமையளவில் அறிவிக்கப்படுகிறது. வன்னியில் தமிழ்நாட்டுத் தொலைக்காட்சிகளையும் இணையத்தில் வானிலை சொல்வோரையும் பின்தொடர்வோர் மிகப் பலர் என்பதால், அங்கே பருவமழை தொடங்கிவிட்டது என்ற அறிவிப்பைக் கேட்டு இங்கே விதைப்புக்கு விரைவதும், கொழும்பின் அறிக்கையில் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி என்ற பெயரே வராததைக் கண்டு மழை பிந்துகிறது என்று அஞ்சுவதும் நிகழ்கின்றன. பெயர் எதுவாயினும் மழை ஒன்றுதான்; ஒக்டோபர் நடுப்பகுதியிலிருந்து நவம்பர் நடுப்பகுதி வரையுள்ள ஐப்பசியும் அதனை அடுத்துவரும் கார்த்திகையும் வன்னியின் மழை மாதங்கள். ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை என்னும் முதுமொழி இன்றைய மழைப் பதிவுகளோடும் பெரிதும் பொருந்திவருகிறது.

மழை வரும் வழிகள்

காலபோக மழை மூன்று வகையாக வருகிறது, மூன்றின் குணமும் வேறு. முதலாவது மேற்காவுகை மழை, அதாவது பகல் வெயிலில் சூடேறிய ஈரக்காற்று மேலெழுந்து குளிர்ந்து பிற்பகலில் இடியுடன் பொழியும் மழை. ஒக்டோபரில் இதுவே மிகுதி. இது ஒரு கிராமத்தில் 60 மில்லிமீற்றர் கொட்டிவிட்டு அடுத்த கிராமத்தின் புழுதியை நனைக்காமலே போய்விடக்கூடியது. ஆகவே ஓமந்தையில் பெய்த மழையைக் கேள்விப்பட்டு நெடுங்கேணியில் விதைப்பது பொருந்தாது. இக்காலத்தில் மின்னல் உயிராபத்தும் மிகுதி. மின்னலைக் கண்டு 30 செக்கனுக்குள் இடி கேட்குமாயின் அது ஏறத்தாழ 10 கிலோமீற்றருக்குள் இருக்கிறது என்பதால், வெட்ட வெளியான வயலிலும் குளத்திலும் தனிமரத்தடியிலும் நிற்பவர்கள் உடனே வீட்டுக்குள்ளோ மூடிய வாகனத்துக்குள்ளோ செல்ல வேண்டும்.

இரண்டாவது, அயனமண்டல ஒருங்கல் வலயம் தீவைக் கடந்து தெற்கு நோக்கி நகரும்போது கிடைப்பது. வடகோளக் காற்றும் தென்கோளக் காற்றும் சந்தித்து மேலெழும் முகில்பட்டையே ஒருங்கல் வலயம். இது தலைக்கு மேலே நிற்கும் நாட்களில் மழை விட்டுவிட்டுப் பரவலாகப் பெய்யும். பயிருக்கு மிக இணக்கமானது இந்த மழையே. வாடை நிலைபெற்ற பின்னர் அக்காற்று வங்காள விரிகுடாவிலிருந்து கொண்டுவரும் ஈரத்தால் முல்லைத்தீவுக் கரையோரத்திலும் உள்நிலத்திலும் பெய்யும் மழையையும் இதனோடு சேர்த்து எண்ணலாம்.

மூன்றாவதே வன்னியின் ஆண்டுக் கணக்கைத் தீர்மானிப்பது: வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழ் அமுக்கத் தொகுதிகள். சூழவுள்ள பகுதியைவிட வளியமுக்கம் குறைந்த இடத்தை நோக்கிக் காற்று சுழன்று குவிவதால் இவை உருவாகின்றன. மையத்தைச் சூழ வீசும் காற்றின் வேகம் மணிக்கு 31 கிலோமீற்றரை எட்டும்போது தாழமுக்கம் என்றும், 50 கிலோமீற்றரை எட்டும்போது ஆழமான தாழமுக்கம் என்றும், 62 கிலோமீற்றரை எட்டும்போது சூறாவளி என்றும் வகைப்படுத்தப்படுகின்றன. பெயர் சூட்டப்படுவது சூறாவளி நிலையை அடைந்த பின்னரே. இலங்கையைத் தாக்கிய சூறாவளிகளில் பெரும்பாலானவை நவம்பரிலும் டிசம்பரிலும் வந்தவை. 1964 டிசம்பர் 22ஆம் திகதி வட இலங்கையைக் கடந்து அன்றிரவே தனுஷ்கோடியை அழித்த புயல், 2008 நவம்பர் இறுதியில் போரால் இடம்பெயர்ந்து தறப்பாள் கொட்டில்களில் இருந்த மக்களை வெள்ளத்தில் ஆழ்த்திய நிஷா, 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரைகடந்த புரெவி ஆகியவை இப்பிரதேசத்தின் நினைவில் நிலைத்தவை.

ஆயினும் காற்றின் வேகத்தைக் கொண்டு செய்யப்படும் இந்த வகைப்பாடு மழையின் அளவைச் சொல்வதில்லை என்பதை அழுத்திக் கூற வேண்டியுள்ளது. 2024 நவம்பர் இறுதியில் இலங்கையின் கிழக்குக் கரையை ஒட்டி மெதுவாக நகர்ந்த தொகுதி, வடக்கிலும் கிழக்கிலும் நெல்வயல்களை மூழ்கடித்து க.பொ.த. உயர்தரப் பரீட்சையையே இடைநிறுத்த வைத்தபோது, இன்னும் ஆழமான தாழமுக்கமாகவே இருந்தது. பெங்கல் என்ற பெயரை அது பெற்றது இலங்கையை விட்டு வடக்கே நகர்ந்த பின் 29ஆம் திகதியே. பெயரில்லாத தொகுதியாயிற்றே என்று அலட்சியமாக இருப்பது வன்னியில் ஆபத்தான எண்ணம். தொகுதி எவ்வளவு மெதுவாக நகர்கிறது, கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறது, நிலம் ஏற்கெனவே எவ்வளவு நனைந்திருக்கிறது என்பனவே வெள்ளத்தைத் தீர்மானிக்கின்றன.

பருவகால எதிர்வுகூறலை வாசிக்கும் முறை

தென்னாசிய நாடுகளின் வானிலை நிறுவனங்கள் கூடும் தென்னாசியப் பருவகாலக் காலநிலை முன்னோக்கு மன்றம், வடகீழ்ப் பருவ மழைக்கு முன்னதாக ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மழை பற்றிய பொது முன்னோக்கை வெளியிடுகிறது. இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் நாட்டுக்குரிய பருவகால எதிர்வுகூறலைத் தயாரிக்கிறது. இவை நிகழ்தகவு வடிவில் அமைந்தவை. கடந்த முப்பது ஆண்டுகளின் மழையளவுகளைக் குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்தி மூன்று சம கூறுகளாக வெட்டினால், கீழ்க்கூறு இயல்புக்குக் குறைவு, நடுக்கூறு இயல்பை அண்டியது, மேற்கூறு இயல்புக்கு மேல் எனப்படும். எந்த அறிகுறியும் இல்லாத ஆண்டில் ஒவ்வொன்றுக்குமான வாய்ப்பு நூற்றுக்கு 33. எதிர்வுகூறல் படத்தில் வடமாகாணம் 45 வீதம் இயல்புக்கு மேல் என்று காட்டப்பட்டிருந்தால், அதே போன்ற பத்து ஆண்டுகளில் நான்கு அல்லது ஐந்து ஆண்டுகள் மிகுமழை பெறும், மற்றைய ஐந்தாறு ஆண்டுகள் பெறாது என்பதே அதன் பொருள். மிகுமழை உறுதி என்று அதனை வாசிப்பவர் எதிர்வுகூறல் சொல்லாத ஒன்றைச் சொல்லச் செய்கிறார்.

இந்தச் சாய்வு இரு பெருங்கடல்களின் வெப்பநிலையிலிருந்து பெறப்படுகிறது. பசுபிக் சமுத்திரத்தின் மத்திய, கிழக்குப் பகுதிகள் இயல்பைவிடச் சூடாகும் நிலை எல் நினோ, குளிரும் நிலை லா நினா. இந்து சமுத்திரத்தின் மேற்குப் பகுதி சூடாகிக் கிழக்குப் பகுதி குளிர்வது இந்து சமுத்திர இருமுனைவின் நேர்நிலை, மறுதலையானது எதிர்நிலை. எல் நினோ என்றவுடன் வறட்சி என்று கொள்ளும் வழக்கம் இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை பற்றிய செய்திகளிலிருந்து வந்தது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான இலங்கை மழைக்கு அது பொருந்தாது. இம்மாதங்களில் எல் நினோவும் நேர் இருமுனைவும் மழையைக் கூட்டும் பக்கமே சாய்கின்றன, லா நினாவும் எதிர் இருமுனைவும் குறைக்கும் பக்கம் சாய்கின்றன. வலிய நேர் இருமுனைவு நிலவிய 2019இன் இறுதியில் வடக்கும் கிழக்கும் வெள்ளத்தில் ஆழ்ந்தன. எல் நினோவும் நேர் இருமுனைவும் சேர்ந்திருந்த 2023இல், தூத்துக்குடியும் திருநெல்வேலியும் பெருவெள்ளம் கண்ட அதே டிசம்பர் நடுப்பகுதியில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் மூழ்கின. எதிர் இருமுனைவு வலுத்திருந்த 2016இல் காலபோக மழை பொய்த்து, நாற்பது ஆண்டுகளில் காணாத வறட்சி என்று கூறப்பட்ட 2016–2017ஆம் ஆண்டு வறட்சி தொடர்ந்தது.

எனினும் இதற்கு எதிரான சான்றும் உண்டு, அதனை மறைப்பது கமக்காரருக்குச் செய்யும் தீங்காகும். 2025இன் இறுதியில் லா நினாவும் எதிர் இருமுனைவும் ஒருங்கே நிலவின. கடல்களின் சாய்வை மட்டும் பார்த்தவர் வறண்ட காலபோகத்தையே எதிர்பார்த்திருப்பார். அந்த ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி கிழக்குக் கரையில் நுழைந்த டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. வன்னியும் அதன் மழையிலிருந்து தப்பவில்லை. புரெவி வந்த 2020உம் லா நினா ஆண்டே. மூன்று மாத மழையின் மொத்தம் எப்பக்கம் சாய்ந்தாலும், ஒரு தொகுதி மூன்று நாட்களில் அதனைப் புரட்டிவிடும். ஆகவே பருவகால எதிர்வுகூறல் வறண்டதாக இருக்கும் ஆண்டில் குறுகிய வயதுள்ள நெல்லினத்தைத் தெரிவதும் சிறுபோகத்துக்கான நீரைக் கணக்கிட்டு வைப்பதும் தகும். வெள்ளத் தயார்நிலையைக் கைவிடுவது தகாது.

ஜனவரியைத் தனியே பார்க்க வேண்டும் என்பதும் இங்கே சேர்க்கத்தக்கது. ஆண்டு திரும்பியதும் இச்சாய்வு மாறிவிடுகிறது; லா நினா ஆண்டுகளின் ஜனவரி முதல் மார்ச் வரையான காலம் ஈரமாக அமையும் போக்கு உண்டு. 2011 ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் கிழக்கு மாகாணத்தின் விளைந்த நெல்லை அழித்த வெள்ளம் ஒரு லா நினா ஆண்டில் வந்ததே. தைப்பொங்கலை அண்டி அறுவடைக்கு நாள் குறிப்போர் இதனை நினைவிற் கொள்ள வேண்டும்.

விதைப்பு நாளைத் தீர்மானித்தல்

காலபோகத்தின் மிகக் கடினமான முடிவு இதுவே. வன்னி உள்நிலத்தின் பெரும்பகுதி செங்கபில மண்; காய்ந்தால் கல்லாக இறுகும், நனைந்தால் காலில் ஒட்டும். உழுவதற்கு ஏற்ற ஈரம் நிற்கும் நாட்கள் சிலவே என்பதால் முதல் மழை விழுந்ததும் உழவு இயந்திரங்களுக்குப் போட்டி எழுகிறது. பூநகரி போன்ற மானாவாரிப் பகுதிகளில் மழைக்கு முன்னரே காய்ந்த மண்ணில் விதைத்துவிடும் புழுதி விதைப்பு மரபாக நிலவுகிறது. நீர்ப்பாசனப் புலவுகளில் சேற்று விதைப்பும் நடைபெறுகிறது.

புழுதி விதைப்பின் நன்மை பெரியது: விழும் முதல் துளியும் பயிருக்குப் போகிறது, அடைமழை தொடங்குமுன் நாற்று வேர்பிடித்து உயர்ந்துவிடுகிறது. அதன் ஆபத்து பொய்த்தொடக்கம், அதாவது விதையை முளைக்கவைக்கப் போதுமான ஒரு மழை பெய்து, பின்னர் இரண்டு கிழமை வெயில் எறித்து முளை கருகிவிடுவது. செப்டெம்பர் இறுதியிலும் ஒக்டோபர் முற்பகுதியிலும் பெய்வது பெரும்பாலும் மேற்காவுகை மழை என்பதால், அது தொடருமா என்பதை அந்த மழையே சொல்லாது. இங்கேதான் பத்து நாள் எதிர்வுகூறல் பயன்படுகிறது. அதன் பின்னணியில் மேடன்–ஜூலியன் அலைவு என்ற ஒன்று இயங்குகிறது. பூமத்திய ரேகையை ஒட்டி மேற்கிலிருந்து கிழக்காக 30 முதல் 60 நாட்களுக்கு ஒருமுறை சுற்றிவரும் முகில் மண்டலம் அது. இந்து சமுத்திரத்தின் மேல் அது நிற்கும் கிழமைகளில் இலங்கைக்கு மழை கூடும். பசுபிக்குக்குக் கடந்துபோன பின்னர் ஓரிரு கிழமை மழை தளரும். அது அணுகும் கிழமையில் விதைப்பதும், கடந்துபோன கிழமையில் சற்றுப் பொறுப்பதும் பொய்த்தொடக்கத்தின் ஆபத்தைக் குறைக்கும்.

மறுபக்கத்தில், பிந்தி விதைப்பதும் பாதுகாப்பானதன்று. நவம்பர் நடுப்பகுதியில் சேற்று விதைப்புச் செய்தவரின் வயலில் முளை இரண்டு இலை விடுமுன்னரே மாத இறுதியின் தாழமுக்கம் வந்து நீர் தேங்கினால், விதை அழுகி, விதைநெல்லும் உழவுக்கூலியும் ஒருசேரப் போய்விடும். அதே வெள்ளத்தை ஐந்து கிழமை வளர்ந்த பயிர் சில நாட்கள் தாங்கிக்கொள்ளும். ஒக்டோபர் இரண்டாம், மூன்றாம் கிழமைகளை விதைப்பின் மையமாகக் கொள்வது பொதுவாக நன்று. அக்காலத்தில் விதைக்கப்பட்ட ஏடி 362 போன்ற மூன்றரை மாத இனம் ஜனவரி இறுதியிலும் பெப்ரவரி முற்பகுதியிலும் அறுவடைக்கு வரும். ஏதோ காரணத்தால் நவம்பருக்குள் விதைப்பு நழுவினால் பிஜி 300 போன்ற மூன்று மாத இனத்துக்கு மாறி, கழிவு வாய்க்கால்களை முதலில் துப்புரவாக்கி, தாழ்ந்த வயல்களை விட்டு மேட்டு வயல்களில் தொடங்குவது தக்கது.

ஒரே புலவில் ஒவ்வொருவரும் வெவ்வேறு கிழமையில் விதைப்பதைத் தவிர்க்கவே மாவட்டச் செயலாளர் தலைமையில் பயிர்ச்செய்கைக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. நீர்ப்பாசனத் திணைக்களம், கமநல அபிவிருத்தித் திணைக்களம், விவசாயத் திணைக்களம், கமக்கார அமைப்புகள் ஆகியவை அங்கே விதைப்புத் தொடங்கும் நாளையும் முடியும் நாளையும் கால்நடைகளை வயலிலிருந்து அகற்றும் நாளையும் தீர்மானிக்கின்றன. அக்கூட்டத்தில் பருவகால எதிர்வுகூறல் வாசிக்கப்பட்டு, அதன்மேல் கேள்வி எழுப்பப்படுவது வழக்கமாக்கப்பட வேண்டும். விதைப்பு முடிவுநாளை மதிக்காதவரின் பிந்திய பயிர் அயலவரின் முதிர்ந்த பயிரிலிருந்து கபிலநிறத் தத்தியைப் பெற்றுக்கொள்ளும். தொடர்ந்து முகில் மூடிய ஈரநாட்களில் எரிபந்த நோயும் அதனையே முதலில் பற்றும்.

குளமும் வானும்

நூறு மில்லிமீற்றர் மழை ஒரு ஏக்கரில் ஏறத்தாழ நான்கு லட்சம் லீற்றர் நீர். ஒரு சதுர கிலோமீற்றரில் ஒரு லட்சம் கன மீற்றர். ஒக்டோபரில் இதே மழை பெய்தால் வறண்ட மண்ணும் வெடித்த குளத்தடியும் பெரும்பங்கைக் குடித்துவிடும். டிசம்பரில் மண் நிறைந்து, சிறு குளங்கள் வான் பாய்ந்துகொண்டிருக்கும்போது பெய்தால் அது முழுதும் ஆற்றுக்கு வந்துசேரும். எச்சரிக்கை அறிக்கையில் கூறப்படும் மழையளவு ஒன்றாகவே இருந்தாலும், ஐப்பசி முற்பகுதியில் அது தரும் பயனும் மார்கழியில் அது தரும் ஆபத்தும் வேறு வேறு.

இரணைமடு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டுப் பின்னர் பலமுறை உயர்த்தப்பட்ட இக்குளம், 2018இல் முடிவடைந்த புனரமைப்பின் பின் 36 அடி நீரைத் தேக்கவல்லது; வடமாகாணத்தின் மிகப்பெரிய குளம் அது. அதற்கு நீர் தரும் கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்கி மாங்குளம் வழியாக வடக்கே ஓடுகிறது. ஆகையால் கிளிநொச்சி நகரத்தின் மேல் வெயில் எறித்தாலும், ஓமந்தை, கனகராயன்குளம், மாங்குளம் ஆகிய இடங்களில் கொட்டிய மழை சில மணி நேரம் கழித்து இரணைமடுவுக்கு வந்துசேர்கிறது. 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த பெருமழை இதனைக் கடுமையாக உணர்த்தியது. அப்போது ஏற்பட்ட வெள்ளத்தில் நாட்டிலேயே மிகவும் பாதிக்கப்பட்ட மாவட்டங்கள் கிளிநொச்சியும் முல்லைத்தீவுமே. இரணைமடுவின் கீழ்ப்பகுதியில் வாழ்வோரும் கண்டாவளைப் பகுதியினரும் தங்கள் வானத்தைவிட மாங்குளத்து வானத்தையே கவனிக்க வேண்டும். அவ்வாறே பேராற்றை மறித்த முத்தையன்கட்டின் கீழுள்ளோரும் பாலி ஆற்றை மறித்த வவுனிக்குளத்தின் கீழுள்ளோரும் தத்தம் குளத்தின் மேல்நில மழையை அறியும் வழியை ஒக்டோபரிலேயே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். மேற்பகுதிக் கிராமத்தில் உள்ள ஒருவரின் தொலைபேசி இலக்கமே இதற்குப் போதும்.

வான்கதவுகளை எப்போது திறப்பது என்பது நீர்ப்பாசனப் பொறியியலாளரின் பொறுப்பு, அது எளிய பொறுப்பன்று. முன்கூட்டியே நீரை விட்டுவிட்டு மழை பொய்த்தால் சிறுபோகம் போய்விடும். பொறுத்திருந்து மழை வந்தால் கீழ்நிலம் மூழ்கும். டிசம்பர் தொடக்கத்தில் குளம் நிறையும் தறுவாயில் இருந்து, விரிகுடாவில் ஒரு தொகுதி உருவாகியிருக்குமானால், சில அடிகளை முன்னதாகவே சிறிது சிறிதாக விடுவிப்பதே சரியான தெரிவு. கார்த்திகைக்குப் பின்னரும் குளத்தை நிரப்ப மழை வரும் வாய்ப்பு உண்டு, உடைந்த கட்டைத் திரும்பக் கட்ட ஒரு போகம் போதாது. இந்த முடிவைக் கமக்கார அமைப்புகள் எதிர்க்காமல் துணைநிற்க வேண்டும்.

சிறு குளங்களில் ஆபத்து வேறு வகையானது. 80 ஹெக்டேயருக்குக் குறைந்த வயலுக்கு நீர் தரும் குளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலுள்ளவை. வவுனியாவில் இவை ஒன்றன்கீழ் ஒன்றாகக் குளத்தொடர்களாக அமைந்துள்ளன. மேற்குளம் ஒன்று உடைந்தால் அந்த நீர் அடுத்த குளத்தை உடைக்கும். செப்டெம்பர் மாதத்துக்குள் அலைகரையில் சரிந்த இடங்கள், கட்டில் வேரூன்றிய மரங்கள், எலி வளைகள், கறையான் புற்றுகள், துருசின் கசிவு ஆகியவை பார்க்கப்பட்டு, மணல் மூடைகள் குளக்கட்டிலேயே அடுக்கப்பட வேண்டும். வானில் பலகையோ மூடையோ வைத்து நீர்மட்டத்தை உயர்த்தும் வழக்கம் நவம்பருக்குப் பின் எக்காரணத்தாலும் அனுமதிக்கப்படக் கூடாது.

கரையோரத்தில் முகத்துவாரங்களின் நிலை கவனத்துக்குரியது. நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய், சுண்டிக்குளம் போன்ற களப்புகளின் வாய் வறண்ட காலத்தில் மணலால் மூடப்பட்டுவிடும். வெள்ளநீர் வந்துசேரும்போது அது திறவாதிருந்தால் களப்போரத்து வயல்களும் குடிமனைகளும் மூழ்கும். வெட்டித் திறக்கும் நாளைக் கடற்றொழிலாளரும் கமக்காரரும் உரிய அதிகாரிகளோடு சேர்ந்தே தீர்மானிக்க வேண்டும், ஏனெனில் களப்பு இறாலின் வாழ்வும் அதே நீரில் தங்கியுள்ளது.

மேட்டுநிலம், கால்நடை, கடல்

வவுனியாவின் உழுந்தும் முல்லைத்தீவு மணற்பகுதிகளின் கச்சானும் நெல்லைப்போல் நீர்த்தேக்கத்தைத் தாங்காதவை. உழுந்தை ஒக்டோபர் பிற்பகுதியில் விதைத்து, முதிர்ந்த காய் ஜனவரி வெயிலுக்கு வரும்படி கணக்கிட வேண்டும். முந்தி விதைத்தால் காய் முற்றும் நாளில் மார்கழி மழை பிடித்து, செடியிலேயே முளைத்துவிடும்.

கால்நடைகளைப் பொறுத்தவரை மழையைவிடக் குளிர்காற்றே கொல்கிறது. 2022 டிசம்பரின் இரண்டாம் கிழமையில் மண்டூஸ் சூறாவளி வங்கக் கடலில் இருந்தபோது வீசிய குளிர்ந்த காற்றிலும் மழையிலும் வடக்கிலும் கிழக்கிலும் பல நூற்றுக்கணக்கான மாடுகளும் ஆடுகளும் இறந்தன. சூறாவளி கரைகடந்ததோ தமிழ்நாட்டில். காலபோகத்தில் வயலிலிருந்து அகற்றப்பட்டு வெட்ட வெளியில் நிற்கும் பட்டி மாடுகள் ஏற்கெனவே மெலிந்திருக்கும். பட்டியின் வடக்குப் பக்கத்திலும் கிழக்குப் பக்கத்திலும் தறப்பாளோ கிடுகோ கட்டி மறைப்பதும், மேட்டுநிலத்தில் பட்டியை அமைப்பதும், கன்றுகளையும் சினைமாடுகளையும் கூரைக்குக் கீழே கொண்டுவருவதும், சில நாட்களுக்கான வைக்கோலை நனையாமல் வைத்திருப்பதும் செலவு குறைந்த காப்பு.

கடலோடிகளுக்கான அறிக்கையில் காங்கேசன்துறையிலிருந்து முல்லைத்தீவு ஊடாகத் திருகோணமலை வரை என்று வரும் பகுதியே வன்னிக் கரைக்குரியது. கடலுக்குப் போவோரைப் போலவே வயலில் இறங்குவோருக்கும் முற்காப்பு வேண்டும்: சேற்றில் இறங்கி வேலைசெய்வோர் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் விதைப்புக்கு முன்னரே கேட்டுப் பெற வேண்டும்.

நாளாந்த வாசிப்பும் மழைப்பதிவும்

நவம்பர், டிசம்பர் மாதங்களில் வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கையை நாள்தோறும் பார்ப்பது அவசியம். 100 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட பலத்த மழை என்ற சொற்கள் வடமாகாணத்தைக் குறித்து வரும்போது கழிவு வாய்க்கால் திறந்திருக்கிறதா, பசளை இடும் வேலையைப் பிற்போடலாமா என்று பார்க்க வேண்டும். மழைக்கு முதல்நாள் இடப்பட்ட யூரியா வயலில் நிற்காது. 150 மில்லிமீற்றருக்கு மேல் என்று வந்தால் முதியோரையும் ஆவணங்களையும் விதைநெல்லையும் மேட்டுக்கு மாற்றும் வேலை பகலிலேயே முடிய வேண்டும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசரத் தொலைபேசி இலக்கம் 117. காரைக்காலில் உள்ள இந்திய வானிலை ரேடாரின் வீச்சு வட இலங்கை வரை எட்டுவதால், அதன் படங்களில் அணுகும் பெருமுகில்களைச் சில மணி நேரம் முன்னரே காணலாம். தொலைவு காரணமாகத் தாழ்ந்த முகில்களை அது காட்டாது. பயிர் அழிந்தால் நீர் வற்றுமுன் படம் எடுத்து, கமநல சேவை நிலையத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் உடனே அறிவித்தவரின் காப்புறுதிக் கோரிக்கையே எளிதில் நிலைநிற்கும்.

இவ்வளவுக்கும் பிறகு, வன்னியின் மழை கிராமத்துக்குக் கிராமம் வேறுபடும் என்ற உண்மை அப்படியே இருக்கிறது. அதற்கான தீர்வு கமக்காரரின் கையிலேயே உள்ளது. வாயும் அடியும் ஒரே அகலமான, நேரான சுவருள்ள ஒரு கண்ணாடிப் பாத்திரத்தை மரமும் கூரையும் மறைக்காத வெளியில், மண் தெறிக்காத உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொரு நாளும் காலை 8.30க்கு உள்ளே தேங்கிய நீரின் உயரத்தை மில்லிமீற்றரில் அளந்து எழுதிவிட்டு வெறுமையாக்கினால் அதுவே மழைப்பதிவு. திணைக்களத்தின் 24 மணி நேர அளவீடும் அதே நேரத்தில் முடிவதால் இரண்டையும் ஒப்பிடலாம். ஒவ்வொரு கமக்கார அமைப்பும் தன் புலவில் ஒரு மழைமானியையும் ஒரு பதிவேட்டையும் வைத்து, விதைத்த நாள், குளம் வான் பாய்ந்த நாள், அறுவடை நாள் ஆகியவற்றையும் அதிலேயே எழுதி, அடுத்த பயிர்ச்செய்கைக் கூட்டத்துக்கு அப்பதிவேட்டைக் கொண்டுசென்று மேசையில் வைக்க வேண்டும்.